சாமி மாடத்தில் ஒரு ப்யூஸ் கேரியர்

காத்திவாக்கம்
20.12.2023

தம்பி எத்திராஜுக்கு அக்கா பவுனம்மாள் எழுதுவது.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு முகமில்லை. உன் வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்று ஊரே பேசுகிறது. கூடப் பிறந்தவள் நான், அதை மீன் சந்தையில் நின்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மாதவரத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாய். போன் போட்டால் மதி எடுத்து, "அவரு தூங்கினு கீறாரு" என்கிறாள். காலையிலும் தூக்கம், மத்தியானமும் தூக்கம். நேற்று அவள் அப்படிச் சொல்லும்போதே பின்னால் நீ இருமுவது கேட்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் புருஷனுக்கு இப்படி ஆகியிருந்தால் நான் வைகிற வசவில் போனே வெடித்திருக்கும். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்கத் தெம்பில்லை, விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஈபி ஆபீசில் விசாரணை வைக்கப் போகிறார்களாம். புயலில் அறுந்து கிடந்த லைனில், நீ கம்பத்தில் ஏறி நின்றபோது, எந்த வீட்டிலிருந்து கரண்டு வந்தது என்று உன்னைக் கேட்பார்களாம். எங்கள் வீட்டு ஜெனரேட்டரிலிருந்துதான் வந்தது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ அதைச் சொன்னால் என் பிள்ளை வெற்றி மேல் கேஸ் வரும். துறைமுகத்தில் கிரேன் ஓட்ட அவனை எடுத்துக்கொண்டு, போலீஸ் சர்டிபிகேட் மட்டும் பாக்கி என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது பார்த்துக் கேஸ் விழுந்தால் அவ்வளவுதான். கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரடா என்று அவனிடம் சொல்லவும் முடியாது. புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் ஆறு முழுக்க மிதக்கிறது. எங்கள் மீனைப் பூனைகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது.

உன் மாமா அப்படியேதான் இருக்கிறார். ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் படுக்க முடியாது. ஜெனரேட்டரை இப்போது தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம், தொடுவதற்கே பயமாக இருக்கிறது. கரண்டு போனால் அவரை உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறேன். கரண்டு வரும்வரை இரண்டு பேர் உயிரும் எங்களிடம் இல்லை.

எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்லாதே தம்பி. கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

சோறு யார் ஊட்டுகிறார்கள்?

அக்கா


மாதவரம்
27.12.2023

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருக்கும். நிறைய எழுத வராது.

விரல் போனது நிஜம். கட்டைவிரல் தப்பித்தது. உள்ளங்கையில் சூடு வைத்தாலும் தெரியவில்லை. மதிதான் ஊட்டுகிறாள்.

சொல்வதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. நீ ஒன்று மட்டும் எழுது. டிரான்ஸ்பார்மரில் ப்யூஸைப் பிடுங்கியது நான். ஏறுவதற்கு முன் லைனில் கரண்டு இருக்கிறதா என்று பார்த்தவனும் நான். இல்லை. நான் மேலே போன பிறகுதான் வந்திருக்கிறது. உன் வீட்டில் அப்போது என்னதான் நடந்தது?

எத்திராஜ்


காத்திவாக்கம்
2.1.2024

தம்பிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் இப்படித்தான் கிறுக்குவாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தேன். படித்து முடித்ததும் கோபம் வந்தது. ஒரு வார்த்தை ஆறுதல் இல்லை, நேரே விசாரணை. நீயும் ஆபீசர் ஆகிவிட்டாய் போலிருக்கிறது. இருக்கட்டும், சொல்கிறேன்.

புயல் அடித்ததிலிருந்து தெருவில் கரண்டு இல்லை. மாமாவின் மிஷின் நின்றுவிட்டது. வெற்றி வலைக் கொட்டகையிலிருந்து ஜெனரேட்டரைத் தூக்கி வந்தான். நம் தெருவில் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயர் இருக்கிறதே, அதில் ஒரு முனையை ஜெனரேட்டரில் சொருகி, மறுமுனையைச் சமையலறை சுவரில் சொருகினான். வீடு முழுக்கக் கரண்டு வந்துவிட்டது. அதற்கு முன்னாலேயே மீட்டர் போர்டில் இருக்கும் ப்யூஸ் கேரியரைப் பிடுங்கி, சாமி மாடத்தில் விளக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். நம் தெருப் பழக்கம் உனக்குத் தெரியாததில்லை. சாமி மாடத்தில் வைத்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள். கேரியர் அங்கே இருக்கும்வரை நம் ஜெனரேட்டர் கரண்டு வாசலைத் தாண்டி லைனுக்குப் போகாது.

ஆனால் கேரியரைப் பிடுங்கிவிட்டால், தெருவில் கரண்டு வந்ததா இல்லையா என்று வீட்டுக்குள் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? அடுத்த தெருப் பிள்ளைகள் கத்தினால்தான் தெரியும். அன்றைக்கு மத்தியானம் கத்தினார்கள். "ஏய், கரண்டு வந்துச்சு!" என்று ஒரே கூச்சல். வெற்றி மாடத்திலிருந்து கேரியரை எடுத்தான். போர்டு எவ்வளவு உயரம் என்று உனக்குத் தெரியும், வீட்டில் அவன் ஒருத்தனுக்குத்தான் எட்டும். ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுத்தான் போட நினைத்தான். "டேய், நிறுத்தாதடா! நிஜமாவே வந்துச்சான்னு பாத்துட்டு நிறுத்து, அப்பா தாங்க மாட்டாருடா" என்று கத்தியது நான். போன தடவை ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு மறுபடி கயிறு இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகாமல், அந்த மனுஷன் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்தவள் நான். அவன் ஓடுகிற ஜெனரேட்டரோடு கேரியரைச் சொருகினான். அப்புறம் தெருவில் கேட்ட சத்தம் உன் சத்தம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அடுத்த தெருவுக்கு வேறு டிரான்ஸ்பார்மராம், கரண்டு அங்கே மட்டும்தான் வந்ததாம். அது யாருக்குத் தெரியும்?

சரி, எல்லாம் எங்கள் தப்பு. உன்னோடு வந்த ஜெனிஷ் தெருவில் நின்று சொன்னானே, அதற்கு என்ன சொல்கிறாய்? "அண்ணன் எர்த் ராடு வர்ற வரைக்கும் வெயிட் பண்ணல" என்றான். லைனைப் பூமியோடு சேர்த்துக் கட்டிவிட்டு ஏறினால், எவன் வீட்டிலிருந்து கரண்டு வந்தாலும் பூமிக்குப் போய்விடும் என்று எனக்கு நீயே சொல்லியிருக்கிறாய். பாடம் எங்களுக்கு மட்டும்தானா?

அக்கா


மாதவரம்
11.1.2024

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். நடுவில் கை விட்டுப் போகிறது, மனசும்தான்.

ராடு போடாமல் ஏன் ஏறினேன் என்று நீ கேட்கலாமா? அன்று காலையில் எனக்குப் போன் போட்டது யார்? "எத்தி, மாமா இழுத்துகினு கீறாருடா, எப்டியாச்சும் லைனைக் குடுடா" என்று அழுதாய். ராடு எல்லாம் வேறு தெருவுக்குப் போயிருந்தது. வரும்வரை கம்பத்தடியில் நின்றிருக்கலாம். என் காதில் உன் அழுகைதான் கேட்டுக்கொண்டிருந்தது, ஏறிவிட்டேன். நீ போன் போட்ட பிறகு, நான் ஏறுவதற்கு முன்பே, வெற்றி ஜெனரேட்டரைக் கொண்டு வந்து, மாமா மூச்சு விட ஆரம்பித்துவிட்டார். அதைச் சொல்ல எனக்கு இன்னொரு போன் போட்டாயா? போட்டிருந்தால் நான் டீ குடித்துக்கொண்டு ராடுக்குக் காத்திருப்பேன். இதை மதியிடம்கூட நான் சொல்லவில்லை.

புயல் அன்று நம் தெருவில் லைன் இரண்டு பக்கமும் அறுந்து, நடுவில் ஒரு துண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துண்டில் உன் வீடும் இன்னும் சில வீடும்தான். லைன் முழுசாக இருந்திருந்தால் ஊர் பாரம் தாங்காமல் உன் ஜெனரேட்டர் திணறி நின்றிருக்கும். துண்டாக இருந்ததால் அந்தக் குட்டி ஜெனரேட்டர் போதுமானதாகிவிட்டது. நான் பிடித்திருந்தது அந்தத் துண்டை.

ஆபீசில் எங்கள் இன்ஜினியர், ஏ.இ., நல்ல மனிதர்தான். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "எத்திராஜ், கரண்டு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியலன்னா எல்லாமே நீ ராடு போடாததுனாலன்னுதான் எழுத வேண்டியிருக்கும்" என்றார். ராடு போடாதது என் தப்புதான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று எழுதிவிட்டால் என் சர்வீஸ் முழுக்க அந்த ஒரு வரிதான் நிற்கும். இனிமேல் கம்பம் ஏற முடியாதவனுக்கு உள்ளே ஒரு நாற்காலி கொடுப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பதும் அந்த வரியில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். அந்தத் துண்டு லைனில் பெரிய ஜெனரேட்டர் அப்துல் வஹாப் பாயின் ஐஸ் கடையில்தான் இருக்கிறதாம். சந்தேகம் அங்கே போகிறது. வந்து பார்ப்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டால் அது உன்னைக் காப்பாற்றுவதோடு நிற்காது அக்கா, பாய் தலையில் போய் உட்காரும்.

தூக்கம் வரவில்லை. மாத்திரை போட்டாலும் வரவில்லை.

எத்திராஜ்


காத்திவாக்கம்
20.1.2024

தம்பிக்கு,

இன்னொரு போன். ஒரே ஒரு போன் போட்டிருக்கலாம் நான். உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாமா கேட்டார், "இன்னா ஆச்சு?" என்று. ஒன்றுமில்லை என்றேன். அவருக்கு உண்மையைத் தாங்கும் அளவுக்கு மூச்சு இல்லை.

நேற்று பாய் கடைக்கு ஆபீசிலிருந்து வந்தார்கள். தெருவே கூடிவிட்டது. நானும் போய் நின்றேன். எனக்கு நிற்க முடியாத இடம் என்று தெரிந்தும் கால் என்னை இழுத்துக்கொண்டு போனது. "இன்னா பாய், உன் ஜெனரேட்டராலதான் நம்ம எத்திராஜு அடிபட்டாரா?" என்று எவனோ கேட்டான். பாய் முகம் சுண்டிப்போனது. சுவரில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

அதில் பெரிய கைப்பிடி ஒன்று இருக்கிறது. "மேல தள்ளுனா ஈபி, கீழ தள்ளுனா ஜெனரேட்டர், நடுவுல வுட்டா ரெண்டும் இல்ல. ரெண்டும் ஒண்ணா சேரவே சேராது சார், நானே நெனச்சாலும் முடியாது" என்றார். பெட்டிக்கு மேல் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எதற்கு என்று வந்தவர் கேட்டார். அது ஈபி கரண்டில் மட்டும் எரியும் விளக்காம். லைனில் கரண்டு வந்தால் தானே எரியுமாம். வந்துச்சா வரலையா என்று ப்யூஸைப் போட்டுப் பார்க்க வேண்டிய வேலையே இல்லையாம்.

எத்தி, ஒரு விளக்கு! அடுத்த தெருப் பிள்ளைகள் கத்துகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நாலு வீடு தள்ளி அந்த விளக்கு எரியாமல் இருந்திருக்கிறது. அதையே மாட்டச் சொல்லி நீ எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாய்! பொங்கலுக்குப் பார்க்கலாம், ஆடிக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

ஆபீஸ்காரர்கள் போன பிறகு பாய் என் பக்கத்தில் வந்தார். எங்கள் வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது அவருக்குத் தெரியும். நாலு வீடு தள்ளி அந்தச் சத்தம் கேட்காதா? என்னை ஒரு பார்வை பார்த்தார். "அக்கா, வூட்டுக்காரருக்கு இப்போ எப்டி கீது?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அப்படியும் உன்னிடம் "சொல்லிவிடு" என்று எழுத என் கை வரவில்லை. வெற்றி தினமும் வாசலில் உட்கார்ந்து தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சர்டிபிகேட் வரும் என்றா, உன் கடிதம் வரும் என்றா, தெரியவில்லை. முன்போல் பேசுவதில்லை. சாமி மாடத்துப் பக்கமே போவதில்லை.

அக்கா


மாதவரம்
30.1.2024

அக்கா,

விசாரணை முடிந்தது. "ராடு போடாமல் ஏறினேன், என் தப்பு" என்றேன். கரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பாய் கடையில் இல்லை என்று அவர்களே எழுதிவிட்டதால் வேறு யாரையும் கேட்கவில்லை. முடிவு பின்னால் வரும். எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். இதற்கு மேல் என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. மதி என்னோடு பேசுவதில்லை. கடைசியாக, "உங்க அக்கா வூடு இருட்டா ஆவக் கூடாது, நம்ம வூடு ஆனா பரவால்ல, அதானே?" என்றாள்.

இப்போது நான் சொல்வதை நீ செய். இரண்டு பக்க பிளக் ஒயரை இன்றைக்கே நடுவில் வெட்டிப் போடு. அதில் ஒரு முனையைச் சொருகினால் மறுமுனையின் பித்தளைக் காலில் கரண்டு நிற்கும். சின்னப் பிள்ளை தொட்டால் போச்சு. லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து, பாய் கடையில் பார்த்தாயே, அதே மாதிரி சேஞ்ச்ஓவர் மாட்டு. பாயிடம் கேட்டால் அவர் ஆளையே அனுப்புவார். மீட்டரிலிருந்து வருவது ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம், வீடு நடுவில். பேஸ், நியூட்ரல் இரண்டு ஒயரும் சேர்ந்து மாற வேண்டும். நியூட்ரலை விட்டுவிட்டு ஒரு ஒயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், ஏமாந்துவிடாதே. ஜெனரேட்டர் உடம்புக்குத் தனியாக எர்த் போடச் சொல். அது வெளியே நிற்கட்டும், அந்தப் புகை மாமாவுக்கு ஆகாது. சிவப்பு விளக்கை மறக்காதே. எல்லாம் முடிந்ததும் ஆபீசில் எழுதிக் கொடு, வந்து பார்ப்பார்கள்.

அடுத்த புயலுக்கு அந்தக் கம்பத்தில் ஏறப் போவது ஜெனிஷ். அவனுக்கும் அக்கா இருக்கிறாள்.

இனிமேல் எழுதாதே. எனக்குப் பதில் எழுதக் கையில்லை.

எத்திராஜ்


காத்திவாக்கம்
9.2.2024

தம்பிக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். என்றைக்கு நான் உன் பேச்சைக் கேட்டேன்?

உன் கடிதத்தை வெற்றி எனக்கு முன்னால் பிரித்துப் படித்துவிட்டான். "மாமா எதுக்கும்மா பொய் சொன்னாரு? நான் போய் ஒத்துக்கிறேன்" என்று சட்டையை மாட்டினான். கதவில் குறுக்கே நின்றுகொண்டேன். இரண்டு பேரும் கத்தினோம். உள்ளேயிருந்து உன் மாமா, மூக்கில் குழாயோடு, கட்டிலைத் தட்டிக்கொண்டே இருந்தார். கிட்டே போனேன். "எத்திராஜு கைக்கு நான்தான் காரணமா?" என்றார். எங்கள் சத்தத்தில் எல்லாம் அவருக்குத் தெரிந்துபோய்விட்டது. அதற்கு மேல் என்ன மறைப்பது?

முதலில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே கரண்டு போனாலும் மிஷின் நிற்காது. நான் போய் ஒத்துக்கொண்டதும் எங்கள் வீட்டு லைனைப் பிடுங்கினால் அவர் மூச்சும் சேர்ந்து போய்விடக் கூடாதே. வெற்றியை அப்பா பக்கத்தில் உட்கார வைத்து, நகர்ந்தால் காலை ஒடிப்பேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே வெற்றியைப் பிடுங்கித் தரச் சொல்லி, சாமி மாடத்தில் நான் வைத்திருந்த கேரியரை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

உங்கள் ஆபீசில் ஏ.இ. மேஜையில் அதை வைத்தேன். "இன்னாம்மா இது?" என்றார். "எங்க வூட்டு ப்யூஸ் கேரியர் சார். எத்திராஜ் மேல இருக்கும்போது ஜெனரேட்டரை நிறுத்தாம இதைப் போட்டது நான்தான். என் தம்பிக்குத் தெரிஞ்சும் எனக்காகத் தெரியாதுன்னு சொல்லிட்டான்" என்றேன். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "உம் பேர்ல கேஸ் வரும்மா" என்றார். வரட்டும் என்றேன். ஸ்டேஷனிலும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கோர்ட்டுக்கு வரச் சொல்வார்களாம். மீன் வாங்க ஆளில்லாத காலத்தில் எனக்கும் பொழுது போக வேண்டுமே.

வீட்டு லைனைப் பிடுங்கிவிட்டார்கள். சேஞ்ச்ஓவர் மாட்டி, அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள். பாயின் ஆள் 19ஆம் தேதி திங்கட்கிழமை வருகிறான். நீ சொன்னதை எல்லாம் அவனிடம் ஒப்பித்தேன். நியூட்ரல் என்று நான் சொன்னதும் அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

தப்பை யார் செய்தது என்று இப்போது எழுத்தில் இருக்கிறது. உன் பேருக்குப் பக்கத்தில் அந்த ஒரு வரி மட்டும் தனியாக நிற்காது. மதியிடம் சொல்.

களைப்பாக இருக்கிறது எத்தி. இருட்டில் தூங்கப் போகிறேன்.

அக்கா


மாதவரம்
15.2.2024

அக்கா,

ஏ.இ. என்னைக் கூப்பிட்டு உன் வாக்குமூலத்தைக் காட்டினார். தெரியாது என்று சொன்னதற்கு ஒரு திட்டும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். உள்ளே ஸ்டோரில் உட்கார வைக்கப் பார்க்கிறேன் என்கிறார். நிச்சயமில்லை. ஆனால் பேச்சின் தொனி மாறியிருக்கிறது.

"உங்க அக்காதான் போட்டாங்களா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் உன் வீட்டுக்குள் வந்து பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். அந்த போர்டை அடித்தவனே நான்தானே. வெற்றி தவழும் குழந்தையாக இருந்தபோது, பிள்ளை கை பட்டுவிடக் கூடாது என்று உத்தரத்துக்குப் பக்கத்தில் அடித்தேன். "எனக்கே எட்டலியேடா" என்று அன்றைக்கே நீ கத்தினாய். நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து ப்யூஸ் போனால் யாரையாவது கூப்பிடுவாய். முட்டி வலியோடு நீ ஸ்டூல் மேல் ஏறி ஒரு நாளும் பார்த்ததில்லை. வீட்டுக்காரியான உன் கைக்கு அந்த ப்யூஸ் ஒரு நாளும் எட்டியதில்லை அக்கா.

நீ சொன்னது சரியா தப்பா என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை. வெற்றியிடம் சொல், அவன் எனக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஜெனிஷ் முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும்.

திங்கட்கிழமை நான் வருகிறேன். மதியும் வருகிறாள், உன்னைத் திட்டுவதற்கு. நேற்றிலிருந்து வார்த்தை சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். திட்டட்டும், குறுக்கே பேசாதே. டீ போட்டுக் கொடு.

பாயின் ஆள் வந்தால் நான் வரும்வரை சுவரில் ஓட்டை போட விடாதே. எல்லோரும் அவரவர் உயரத்துக்குத்தான் அடிப்பார்கள். நீ சுவர் பக்கத்தில் நின்று, வலிக்காமல் கை எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூக்கு. அந்த இடத்தில் நான் கோடு போடுகிறேன். இடது கைக்கு அது போதும்.

எத்திராஜ்